அண்டி ஆபீஸ் மதிலில் ரேகைகள் வந்த வருஷம்

அந்த வருஷம் ஆடிச் சாரல் ஒன்பது நாள் விடாமல் பெய்து பத்தாம் நாள் ஓய்ந்தபோது, காஞ்சிரவிளை அண்டி ஆபீஸின் மதிலில், கேட்டில் தொடங்கி வறுப்புக் கொட்டகை வரைக்கும் உள்ள நூற்றிருபது அடி நீளத்துக்கும் விரல் ரேகைகள் வந்திருந்தன. பாசி என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். முன்னால் வந்த லீலாபாய் குடையை மடக்கிக்கொண்டே மதிலுக்குக் கிட்டப் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "பாசி இல்ல பிள்ளே, நம்மளுக்க விரலாக்கும்" என்றாள். சொல்லிவிட்டு நேராக உள்ளே போய்த் தன் பலகையில் உட்கார்ந்து கொட்டை தட்டும் மரக் கொட்டாப்புளியைக் கையில் எடுத்துக்கொண்டாள், ஏனென்றால் மணி எட்டாகப் போகிறது, எட்டு அடித்தபின் வருகிறவளைக் கிறிஸ்துதாஸ் மேனேஜர் கேட்டிலேயே நிறுத்தி வைத்துவிடுவார், மதிலில் என்ன வந்தாலும் அந்தச் சட்டம் மாறாது.

மற்ற ஊர்க்காரர்கள் முந்திரி என்று சொல்லும் கொட்டைக்கு இந்தப் பக்கத்தில் அண்டி என்று பெயர், அதை வறுத்து உடைத்துப் பருப்பெடுக்கும் இடத்துக்கு அண்டி ஆபீஸ் என்று பெயர். ஆபீஸ் என்றதும் மேசை, நாற்காலி, மின்விசிறி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தகரக் கூரை, சிமென்ட் தரை, தரையில் வரிசையாகக் குந்தியிருக்கும் நூற்றி நாற்பது பெண்கள், ஒவ்வொருத்தி முன்னாலும் ஒரு கல், கல்லுக்குப் பக்கத்தில் வறுத்துக் கறுத்த அண்டிக் குவியல், காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ஓயாத டொக் டொக் சத்தம், அவ்வளவுதான் ஆபீஸ். அண்டியின் தோட்டுக்குள் ஒரு எண்ணெய் இருக்கிறது. புதிதாக வந்தவளின் விரலை அது முதல் மாதம் எரிக்கும், இரண்டாம் மாதம் உரிக்கும், மூன்றாம் மாதம் கறுக்க வைக்கும், அதற்குப் பிறகு ஒன்றும் செய்யாது, செய்வதற்கு அங்கே எதுவும் மிச்சமிருக்காது. விரல் நுனி வழுவழுப்பாகிவிடும். அதற்குச் சூடு தெரியாது, குளிர் தெரியாது, முள் குத்தினால் தெரியாது, பிள்ளையின் நெற்றியில் கை வைத்தால் காய்ச்சல் தெரியாது, அதனால் இந்த ஊர்த் தாய்மார்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பது கன்னத்தால்.

மேல்நிலைப் பள்ளியில் கெமிஸ்ட்ரி எடுக்கும் ஜெயசிங் வாத்தியாருக்கு இந்த எண்ணெயைப் பற்றி எல்லாம் தெரியும். அதன் பெயர் அனகார்டிக் அமிலம், அது ஃபீனால் குடும்பத்தைச் சேர்ந்தது, புழுவும் பூச்சியும் தன் விதையைத் தின்றுவிடக் கூடாதே என்று மரம் தானே வடித்து வைத்துக்கொள்ளும் காவல், மாங்காய்க் காம்பைக் கிள்ளினால் உதட்டைப் பொத்துப்போக வைக்கும் பாலும், வண்ணார் துணியில் குறி போடும் சேராங்கொட்டைச் சாறும் அதற்குச் சொந்தக்காரர்கள், அண்ணன் துணியில் அழியாத குறி போடுவான், தம்பி மனுஷருடைய குறியை அழிப்பான் என்று அவர் டீக்கடையில் நின்றபடியே விளக்குவார். ரேகை ஏன் போனது என்பது வரைக்கும் அவருடைய பாடம் சரியாகத்தான் இருந்தது. போனது ஏன் திரும்பி வந்தது, வந்ததுதான் வந்தது, சுவரில் ஏன் வந்தது என்று கேட்டபோது, மாதத் தேர்வுத் தாள் திருத்த வேண்டியிருக்கிறது என்று சொல்லி டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு காரணத்தை யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

மேனேஜர் செய்ய வேண்டியதைச் செய்தார், இரண்டு ஆளை விட்டு மதிலுக்குச் சுண்ணாம்பு அடித்தார். மறுநாள் ரேகைகள் சுண்ணாம்புக்கு மேலே ஏறி வந்து வெள்ளையில் முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தன. அத்தோடு அவர் அந்த விஷயத்தை விட்டுவிட்டார். அன்று கஞ்சி நேரத்தில் லீலாபாய் சும்மா ஒரு வேடிக்கைக்குத் தன் வலது பெருவிரலை ஒரு ரேகையின் மேல் வைத்து அழுத்தினாள். எடுத்துப் பார்த்தால் சுவரில் அந்த இடம் வெறும் வெள்ளையாக இருந்தது, விரலில் சுழி சுழியாக ரேகை இருந்தது, விரலுக்குச் சுண்ணாம்பின் நறநறப்பும் சுவரின் ஈரமும் தெரிந்தன. சாயங்காலம் மணி அடிப்பதற்குள் மதிலுக்கு முன்னால் பெண்கள் வளையல் கடையில் நிற்பதுபோல் நின்று, இது எனக்கு, அது எனக்கு என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். தன் ரேகை எது என்று ஒருத்திக்கும் தெரியாது. அது இருந்த காலத்தில் யார் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்? நெட்டையானவள் மேலே இருந்ததை எடுத்தாள், குட்டையானவள் கீழே இருந்ததை எடுத்தாள், சுழி வட்டமாக அழகாக இருந்த இரண்டு மூன்று ரேகைகளுக்கு அடிபிடி நடந்தது.

அதன் பலன் ரேஷன் கடையில் தெரிந்தது. கடையின் விற்பனையாளர் சுகுமாரன் பல வருஷமாக இந்தப் பெண்களை மெஷினில் விரல் வைக்கச் சொல்லி, துடைத்துவிட்டு வைக்கச் சொல்லி, எச்சில் தொட்டு வைக்கச் சொல்லி, கடைசியில் கண்ணைக் காட்டச் சொல்லி அலுத்துப்போன மனுஷன். இப்போது மெஷின் விரல் பட்ட நிமிஷமே பெயரைச் சொன்னது, ஆனால் லீலாபாய் வைத்தால் பொன்னுமணி என்று சொன்னது, பொன்னுமணி வைத்தால் எலிசபெத் என்று சொன்னது, எலிசபெத் வைத்தால் கொல்லத்துக்குக் கட்டிக்கொண்டு போய்ப் பல வருஷமான ஒருத்தியின் பெயரைச் சொன்னது. கைரேகை பதிய முகாம் நடந்தபோதே இவர்களுடைய விரல்களில் ஒன்றும் இல்லையே, மெஷினுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கலாம், யாரும் கேட்கவில்லை. லீலாபாய் பொன்னுமணியின் சர்க்கரையை வாங்கினாள், பொன்னுமணி எலிசபெத்தின் அரிசியை வாங்கினாள், சாயங்காலம் வேலிக்கு மேலாகப் பைகளை மாற்றிக்கொண்டார்கள். இரண்டு வாரத்தில் அது வழக்கமாகவே ஆகிவிட்டது.

ரேகை தனியாக வரவில்லை என்பதுதான் கொஞ்சம் சங்கடமான விஷயம். ஒவ்வொரு ரேகையும் அழிவதற்கு முன் தான் கடைசியாக உணர்ந்த ஒன்றை விடாமல் பிடித்துக்கொண்டு வந்திருந்தது, விரலைச் சும்மா வைத்திருக்கும்போதெல்லாம் அது வந்து வந்து போனது. ஒருத்திக்குத் தையல் மெஷின் சக்கரத்தின் குளிர்ச்சி வந்தது. ஒருத்திக்குப் பிறந்து அரைமணி நேரமான பிள்ளையின் காதுமடல் வந்தது, அவளுக்குப் பிள்ளையே கிடையாது, இரண்டு நாள் வேலைக்கு வராமல் விரலை மார்பில் வைத்துக்கொண்டு வீட்டில் இருந்தாள். கனகபாய் எடுத்த ரேகையில் சவரம் செய்து இரண்டு நாளான ஒரு ஆணின் தாடையும், தாடையில் ஒரு மருவும் இருந்தன. அந்த மரு கனகபாயின் புருஷனுடையது. ரேகை கனகபாயுடையது இல்லை என்று ரேஷன் மெஷின் சொல்லியிருந்தது, யாருடையது என்றும் சொல்லியிருந்தது. மூன்று நாள் இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. நாலாம் நாள் கனகபாய் உடைத்த தோட்டில் ஊறிய எண்ணெயில் அந்த விரலை எல்லோரும் பார்க்க முக்கி எடுத்துவிட்டு வேலையைத் தொடங்கினாள், அத்தோடு அந்தக் கதை முடிந்தது.

முதல் வாரம் கொண்டாட்டமாக இருந்தது இரண்டாம் வாரம் தொந்தரவாகிவிட்டது. கொதிக்கிற கஞ்சிப் பானையை வெறுங்கையால் இறக்கிப் பழகியவர்கள் பானையைப் போட்டு உடைத்தார்கள். டீக்கடையில் கிளாஸ்கள் கைதவறின. எல்லாவற்றுக்கும் மேலாக, எண்ணெய் மறுபடியும் முதல் மாதத்தில் எரித்ததுபோல் எரித்தது, நாற்பது வயசுக்காரிகள் பலகையில் உட்கார்ந்து விரலை வாயில் வைத்துக்கொண்டு கண் கலங்கினார்கள், எந்த நேரத்தில் இந்தச் சனியனை எடுத்தோமோ என்று ஏசினார்கள். சரியாக மூன்று வாரத்தில் ரேகை மறுபடியும் தேய்ந்து போனது, விரல் மரத்தது, பழையபடி நிம்மதியாக இருந்தது. இரண்டாம் தடவை போன ரேகை மதிலுக்குத் திரும்பி வரவில்லை, வேறு எங்கேயும் வரவில்லை. எல்லோரும் அதைக் கவனித்தார்கள், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நேசம்மாள் மட்டும் மதிலைத் தொடவேயில்லை. அவளுக்கு ஐம்பத்தேழு வயசு, அண்டி ஆபீஸில் முப்பத்தாறு வருஷம், உடைக்கிறவர்களில் அவளை விட மூத்தவள் இல்லை. வருகிற புரட்டாசி முதல் தேதியிலிருந்து அவளைப் பருப்பு தரம் பிரிக்கும் அறைக்கு மாற்றுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். அங்கே மேசை உண்டு, பெஞ்ச் உண்டு, மின்விசிறி உண்டு, எண்ணெய் கிடையாது, ஒருத்தி ஓய்வு பெற்றாலோ செத்தாலோதான் அங்கே இடம் காலியாகும். மதிலில் இருந்த ஆயிரக்கணக்கான ரேகைகளில் தன்னுடையது எது என்று அடையாளம் தெரிந்த ஒரே ஆளும் அவள்தான். பத்து வயசில் புல்லறுக்கும்போது அரிவாள் பட்டு அவளுடைய இடது பெருவிரலில் ஒரு தழும்பு குறுக்கே சாய்ந்து விழுந்திருந்தது, கேட்டுக்குப் பக்கத்தில் தோள் உயரத்தில் அந்தத் தழும்போடு ஒரு ரேகை இருந்தது, அவள் முதல் நாளே பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டு, அன்றிலிருந்து கேட்டுக்குள் நுழையும்போது முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நுழைந்தாள்.

அவளுக்கு விஜிலா என்று ஒரு மகள் இருந்தாள். புருஷன் பனையிலிருந்து விழுந்து செத்தபோது விஜிலாவுக்கு எட்டு வயசு. பிளஸ் டூ முடித்து நர்சிங் போக வேண்டும் என்று இருந்தவளை, ஒரு வருஷம் வந்து இருந்துவிட்டுப் போ என்று அண்டி ஆபீஸுக்கு அழைத்துக்கொண்டு வந்தது நேசம்மாள்தான். ஒரு வருஷம் மூன்று வருஷமாயிற்று. ஒரு மழைக்காலத்தில் கொட்டகைக் கூரையின் துருப்பிடித்த தகரம் விஜிலாவின் விரலைக் கிழித்தது, மரத்த விரல் என்பதால் கிழித்தது அவளுக்குத் தெரியவேயில்லை, ஒன்பதாம் நாள் காலையில் வாயைத் திறக்க முடியவில்லை என்று கையால் சைகை காட்டினாள். பெரியாஸ்பத்திரியில் ரணஜன்னி என்றார்கள், நாலு நாள் இருந்தாள். குளிப்பாட்டி உடுத்தியது நேசம்மாள். மகளின் உடம்பு குளிர்ந்திருந்ததா, எவ்வளவு குளிர்ந்திருந்தது என்று அவளுடைய விரல்களுக்குத் தெரியவில்லை. அவள் அழவும் இல்லை. நெஞ்சுறப்பு உள்ள பொம்பளை என்று ஊர் சொன்னது. உறப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. அழ வேண்டும் என்று தெரிந்தது, வரவில்லை. விரலில் இருந்த மரப்பு கையில் ஏறி, தோளில் ஏறி, உள்ளே எங்கேயோ போய் உட்கார்ந்துவிட்டது, ஒன்பது வருஷமாக அவள் சாப்பிட்டாள், தூங்கினாள், கோயிலுக்குப் போனாள், அண்டி உடைத்தாள். இந்த மரப்பு அவளுக்குத் தேவையாக இருந்தது. ஒரு விரல் வழியாக உணர்ச்சி உள்ளே வந்துவிட்டால் அதன் பின்னால் என்னென்ன வரும் என்று அவளுக்குத் தெரியும், அதனால்தான் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உடைப்பு வரிசையில் கடைசிப் பலகையில் ஆன்சி என்று ஒரு பெண் இருந்தாள். இருபது வயசு, ரப்பர் பால் வெட்டப்போன அப்பன் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்து கிடப்பதால் ஒரு வருஷமாக வேலைக்கு வருகிறவள். எல்லோரும் எடுத்து முடித்தபிறகு, ஒரு திங்கட்கிழமை, வறுப்புக் கொட்டகை ஓரத்தில் மிச்சமிருந்ததில் ஒன்றை அவள் எடுத்துக்கொண்டாள். புதன்கிழமை ரேஷன் கடையில் விரலை வைத்தபோது மெஷின் விஜிலா என்று சொன்னது. சுகுமாரன் மெஷினை அணைத்துப் போட்டார். மறுபடியும் விஜிலா என்று சொன்னது. நேசம்மாள் மகளின் பெயரைக் கார்டிலிருந்து நீக்கவில்லை, நீக்க வேண்டாம் என்று நினைத்து விட்டுவைத்ததும் இல்லை, அதற்கு ஒரு நாள் தாலுகா ஆபீஸுக்குப் போக வேண்டும், போகத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஊர் இதையும் தாங்கிக்கொண்டது. மெஷின் இருக்கிறாள் என்று சொல்கிற ஆளுக்கு அரிசி கொடுக்காமல் இருக்க முடியாது என்று சுகுமாரன் விஜிலாவின் பங்கை அளந்து நேசம்மாளின் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். வார்டு மெம்பர் வந்து, மேலிடத்துக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் விஜிலாவின் பெயரைத் துக்கப்பட்டியலில் வாசிப்பதா ஸ்தோத்திரப் பட்டியலில் வாசிப்பதா என்று பாஸ்டருக்குக் குழப்பம், கடைசியில் இரண்டிலும் வாசித்துவிட்டார். லீலாபாய்தான் நேசம்மாளின் பலகைக்கு வந்து விஷயத்தைச் சொன்னவள். நேசம்மாள் சரி என்றாள். சரி என்று சொல்லிவிட்டுக் கையில் இருந்த அண்டியை உடைத்துப் பருப்பைப் பிரித்துச் சட்டியில் போட்டாள்.

ஆனால் அன்றிலிருந்து அவளுடைய கண் கடைசிப் பலகைக்குப் போக ஆரம்பித்தது. ஆன்சி ஒவ்வொரு அண்டியாகக் கல்லில் நிறுத்தி, பெருவிரலால் பிடித்து, தட்டி, தோட்டைப் பிளந்தாள், பிளக்கும்போதெல்லாம் எண்ணெய் அந்த விரலில் வழிந்தது. மூன்று வாரம்தான். அதே கொட்டகையில் அதே எண்ணெய் அதே ரேகையை இரண்டாம் தடவையும் தின்றுவிடும், இந்தத் தடவை தின்றது எந்த மதிலுக்கும் வராது. இதை நினைத்தபோது தனக்கு ஏதாவது செய்கிறதா என்று நேசம்மாள் தன்னைத்தானே கவனித்துப் பார்த்தாள். ஒன்றும் செய்யவில்லை. ஆனாலும் கண் போனது.

ஆறாம் நாள் கஞ்சி நேரத்தில், குழாயடியில் ஆன்சி தனியாக நிற்கும்போது, நேசம்மாள் பக்கத்தில் போனாள்.

"பிள்ளே, அந்த விரல ஒண்ணு காட்டு."

ஆன்சி ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு நீட்டினாள். அவள் முகத்தில் திருடிவிட்டு மாட்டிக்கொண்டவளின் பயம் இருந்தது. நேசம்மாள் தன் பெருவிரலை மகளின் ரேகைமேல் வைத்தாள், அழுத்தினாள், மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தாள். சுவரைத் தொட்டதற்கும் அதற்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரிந்த சுழி கைக்குத் தெரியவில்லை.

"இதுல என்ன வருகு?" என்று கேட்டாள்.

ஆன்சி கண்ணை மூடிப் பார்த்தாள். "சாம்பல் மாமி. ஒரு கை எனக்க விரலப் பிடிச்சி சாம்பல் தேய்க்குகு. மெள்ளமா, நகத்துக்கு அடியெல்லாம். அந்தக் கையில ரேகையே கெடையாது மாமி, வழுவழுன்னு இருக்கு."

வேலை தொடங்குமுன் விரல்களில் அடுப்புச் சாம்பல் தேய்த்துக்கொண்டால் எண்ணெய் அவ்வளவு சீக்கிரம் ஏறாது என்பது இங்கே உள்ளவர்களுடைய நம்பிக்கை, ஆளாளுக்குத் தாங்களே தேய்த்துக்கொள்வார்கள். முதல் மூன்று மாதம், தினமும் காலையில், விஜிலாவுக்குத் தேய்த்துவிட்டது நேசம்மாள். மகளின் ஒவ்வொரு விரலையும் பிடித்துத் தேய்த்தபோது அவளுக்கு எதுவும் தெரிந்ததில்லை, சாம்பலும் தெரியவில்லை, விரலும் தெரியவில்லை, தேய்த்தால் போதும் என்று தேய்த்தாள்.

"அவளுக்கு எனக்க மேல வெறுப்பு இருந்துதா?" என்று கேட்டாள். ஒன்பது வருஷமாக அவள் யாரிடமும் கேட்காமல் வைத்திருந்த கேள்வி அது.

"விரலுக்கு அதெல்லாம் தெரியாது மாமி," என்றாள் ஆன்சி. "கைய இழுக்கல்ல. அது மட்டும் தெரியுகு."

நேசம்மாள் கஞ்சியைக் குடிக்காமல் நேராக மேனேஜர் அறைக்குப் போனாள். புரட்டாசி முதல் தேதி வரைக்கும் காத்திருக்க முடியாது, தரம் பிரிக்கும் அறையில் தனக்கு வைத்திருக்கும் இடத்தை இன்றைக்கே ஆன்சிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று சொன்னாள். வந்து ஒரு வருஷமே ஆன பெண்ணை அங்கே உட்கார வைத்தால் மற்றவர்கள் தன்னைச் சும்மா விடமாட்டார்கள் என்றார் அவர். விடுவார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். இனி அவளுடைய சர்வீஸ் முடிவதற்குள் அங்கே இன்னொரு இடம் காலியாகாது, கடைசி நாள் வரைக்கும் தரையில் குந்தி உடைத்துத்தான் தீர வேண்டும் என்றார். தெரியும் என்றாள். கிறிஸ்துதாஸ் மேனேஜர் கெட்டவர் இல்லை, கேட்டில் நிறுத்துகிற குணம் ஒன்றுதான் அவருடைய குறை, அவர் ஆன்சியைக் கூப்பிட்டனுப்பினார். மற்ற பெண்கள் இரண்டு நாள் முணுமுணுத்தார்கள், லீலாபாய் மூன்று நாள் பேசவில்லை, அந்த இடத்துக்கு நேசம்மாளுக்கு அடுத்து வரிசையில் இருந்தது அவள்தான்.

ஆன்சி கல்லையும் கொட்டாப்புளியையும் ஓரமாக வைத்துவிட்டு எழுந்து போன பிறகு, நேசம்மாள் வெளியே வந்து கேட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். மதிலில் முப்பது நாற்பது ரேகைகள்தான் மிச்சம் இருந்தன. அவளுடையது இருந்த இடத்திலேயே இருந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது, பயம் என்று அதைக் கண்டுகொள்ளவே அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இடது பெருவிரலைத் தழும்பின் மேல் தழும்பு பொருந்த வைத்து அழுத்தினாள். வந்தது பெரிய விஷயம் ஒன்றுமில்லை, ஒரு அலுமினியச் சட்டியின் விளிம்பும் அதில் ஒட்டியிருந்த ஆறின கஞ்சியும்தான், முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு நாள் மத்தியானம் அவள் கழுவிய பாத்திரம். அவள் அந்த விரலை எதிலும் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு தரம் பிரிக்கும் அறைக்குள் போனாள்.

ஆன்சி பெஞ்ச் ஓரத்தில் பருப்புக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து எது முழுசு எது உடைசல் என்று பழகிக்கொண்டிருந்தாள். நேசம்மாள் கேட்குமுன்பே கையை நீட்டினாள். விரலில் விரல் பட்டது. முதலில் இளஞ்சூடு தெரிந்தது. அப்புறம் ஒரு மெல்லிய வரம்பு தெரிந்தது, அதற்கு அடுத்தது, அதற்கும் அடுத்தது, வளைந்து வளைந்து நடுவில் ஒரு சின்னச் சுழியில் போய் முடிந்தன. தான் பெற்ற பிள்ளையின் பெருவிரல் இப்படி இருக்கும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. விஜிலா பிறந்த வருஷத்தில் அவளுடைய விரல்கள் ஏற்கெனவே மரத்திருந்தன, பால் கொடுத்ததும், தலைவாரிவிட்டதும், கையைப் பிடித்து இந்தக் கொட்டகைக்கு அழைத்து வந்ததும் எல்லாம் மரத்த கைகள். நேசம்மாள் அழுதாள். வாய்விட்டு அழுதாள், மகளே மகளே என்று சொல்லி அழுதாள். அறையில் இருந்த மற்ற பெண்கள் வேலையை நிறுத்தவில்லை, பருப்பில் ஈரம் படாமல் தட்டுகளை மட்டும் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் அவள் தன் பலகைக்குத் திரும்பி உடைக்க உட்கார்ந்தபோது எண்ணெய் அந்த ஒரு விரலை நெருப்பாக எரித்தது. துணி சுற்றிக்கொண்டால் அண்டி நிற்காது, வழுக்கும். கோபம் தணிந்த லீலாபாய், இன்னும் மூன்று வாரம் பல்லைக் கடித்துக்கொண்டால் மரத்துவிடும், அப்புறம் நிம்மதி என்று ஆறுதல் சொன்னாள். மூன்று வாரம் இருக்கிறதல்லவா என்றாள் நேசம்மாள். தினமும் கஞ்சி மணி அடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு தரம் பிரிக்கும் அறைக்குப் போவாள். ஆன்சி ஒரு கையால் சாப்பிடுவாள், இன்னொரு கையை அவளிடம் கொடுத்திருப்பாள். சில நாள் அழுகை வரும், சில நாள் வராது, ஒரு நாள் விஜிலாவுக்குப் பலாப்பழம் ஒத்துக்கொள்ளாது என்கிற விஷயத்தை நினைத்துச் சிரித்தாள். நாளாக நாளாக வரம்புகள் மழுங்கிக்கொண்டே வந்தன, மழுங்கினது ஆன்சியின் விரலில் இல்லை, நேசம்மாளின் விரலில். அந்த அறைப் பெண்களுக்கும் இது பழகிவிட்டது, அவளுக்கென்று ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டார்கள்.

இருபத்திரண்டாம் நாள் அவள் வந்து உட்கார்ந்து விரலைப் பிடித்தாள். வழக்கம்போல் பிடித்துக்கொண்டே இருந்தாள். வெளியே மழை வரும்போல் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஆன்சி, தெரிகிறதா என்று கேட்டாள். நேசம்மாள் இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையாட்டினாள்.

"எனக்குத் தெரியுகு மாமி," என்றாள் ஆன்சி. "நீங்க பிடிச்சிருக்கியது எனக்குத் தெரியுகு."

நேசம்மாள் கையை எடுக்கவில்லை. மணி அடிக்கும் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.